பத்துப் பத்தாய்ப் போடுற கறன்ட்

நெத்தலியின் தலையைக் கிள்ளிக் கடதாசியில், குடலை நகத்தால் இழுத்து அதே கடதாசியில், உடம்பு சட்டிக்குள், தலை, குடல், உடம்பு, தலை, குடல், உடம்பு, கை தன்பாட்டில் போகிறது, நான் குசினி நிலத்தில் காலை நீட்டி இருந்தபடி பிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவில் காந்தம் வைத்து இரண்டு தாள் ஒட்டிக் கிடக்கு. இடப்பக்கம் இப்போது எங்களுக்குக் கறன்ட் தருகிற கொம்பனி, வலப்பக்கம் மாறினால் தரப்போகிற கொம்பனி. இவர் வேலையிடத்துப் பிரிண்டரில் பெரிய எழுத்தாய் அடித்துக்கொண்டு வந்தவர், எனக்கு விளங்கட்டும் என்று. எழுத்துப் பெரிதானால் இங்கிலீஷ் விளங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம். எனக்கு இலக்கம் விளங்கும், அது போதும். எழும்பிப் போய்த் தாளைக் கையில் எடுத்துப் பார்க்க ஏலாது, தொட்டால் தாளும் மணக்கும், பிரிட்ஜும் மணக்கும், இவர் நித்திரையால் எழும்பி வந்து, ‘என்ன துசி, கொம்பனிக்காரருக்கும் நெத்தலி குடுத்து அனுப்பப் போறியோ’ என்று பகிடி விடுவார். அறைக் கதவு அரைவாசி திறந்திருக்கிறது. இவரின் குறட்டை கேட்கிறது, அதற்கு மேலே மெல்லியதாய் மிதுவின் குறட்டை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன குறட்டை, தகப்பனின் நெஞ்சில் குப்புறப் படுத்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும் போல. இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டு விடியத்தான் வந்தவர். வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார், ‘இண்டைக்குப் பதினொரு மணிக்குப் புதுக் கொம்பனி போன் எடுப்பினம், மறந்திடாதை.’ ‘நீங்களே கதையுங்கோவன்.’ ‘மீற்றர் உன்ர பேரில. உன்ர வாயால ஓம் எண்டு சொன்னாத்தான் மாத்துவினமாம்.’ ‘எனக்கு என்னப்பா தெரியும்?’ ‘உனக்குத் தெரியாட்டி இந்த வீட்டில ஆருக்குத் தெரியும்? விடிஞ்சா பொழுதுபட்டா அந்த மீற்றர்ப் பெட்டிக்கு முன்னாலதானே நிக்கிறாய். என்னைப் பாத்ததை விட அதைத்தான் கூடப் பாத்திருப்பாய். பாத்து நீயே சொல்லு, ஓமோ இல்லையோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன்.’ சொல்லிவிட்டுப் படுத்தவர்தான். போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார், அது அடித்தால் எழும்பி என்னைக் கூப்பிடுவார். கேட்கமாட்டேன் என்று சொன்னாலும், படுக்கப் போகும்போது ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத்தான் போனவர், கதவடியில் திரும்பி நின்று, கொட்டாவி விட்டபடி, ‘மாறினா, மிஞ்சிற காசுக்கு, குளிர் மாதத்தில மாதத்துக்கு ஒரு ஞாயிறு இரவு நான் வேலைக்குப் போகாம விடலாம் போல கிடக்கு.’ போல கிடக்கு. கேட்டால் கேள், விட்டால் விடு என்ற மாதிரி. அவருக்கு ஒன்று வேண்டுமென்றால் இப்படித்தான் கேட்பார், கறி இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால்கூட, ‘சட்டியில கிடந்தாப் பழுதாகிடும் போல கிடக்கு’ என்பார்.

தலை, குடல், உடம்பு. இடப்பக்கத்துத் தாளில் யூனிற் விலை கூட, நாட்கட்டணம் குறைய. வலப்பக்கத்தில் யூனிற் பத்துப் பென்ஸ் குறைய, நாட்கட்டணம் இருபது பென்ஸ் கூட. இந்த நாட்கட்டணம்தான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஒரு லைற்றும் போடாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் எடுப்பார்களாம். ‘ஏனப்பா?’ என்று கேட்டேன். ‘வயர் எங்கட வீடு மட்டும் வந்து நிக்குதெல்லோ, அந்த நிக்கிறதுக்கு’ என்றார். நிற்கிறதற்கும் காசா. அம்மா ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியப் போனுக்கு ஒரு ரோசாப்பூப் படம் அனுப்புகிறா, காலை வணக்கம் என்று போட்டு, அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, நானும் ஒரு பூவை எடுத்துத் திருப்பி அனுப்புவேன், அவ்வளவுதான், இரண்டு பேரும் இருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், அதற்கு நாட்கட்டணம் வைத்தால் அம்மா எப்போதோ கடன்காரி. என்ன நினைத்துக்கொண்டு வந்தேன், ஓம், இருபது பென்ஸ். தலை கிள்ளின நெத்தலியில் இரண்டை எடுத்துக் கடதாசி ஓரத்தில் வைக்கிறேன். ஒரு நெத்தலி ஒரு யூனிற். ஒரு நாளைக்கு ஒன்று எரித்தால் புதுக் கொம்பனியில் பத்துப் பென்ஸ் மிச்சம், இரண்டு எரித்தால் இருபது, அது நாட்கட்டணத்துக்குச் சரியாய்ப் போய்விடும். இரண்டுக்கு மேல் எரிக்கிற ஒவ்வொன்றும் லாபம். மூன்றாவதை வைக்கிறேன், நாலாவதை, காலமை தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில், மிதுவின் பால், சோறு, ஹீற்றர், ஹீற்றர் ஒன்றே ஒரு குவியல் தின்னும், பிறகு உடுப்புத் தோய்க்கிற மெஷின், கடதாசி ஓரம் முழுக்க நெத்தலி வரிசையாய்ப் படுத்துக் கிடக்கு. காஸ் இல்லாத வீடு இது, எல்லாம் கறன்ட்தான். எப்படிப் பார்த்தாலும் புதியதுதான் லாபம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கே நிலத்திலிருந்து பார்க்கத் தெரிகிறது. இவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னிடம் விட்டிருக்கிறார். இவர் போனில் இந்தக் கணக்கைப் பார்க்கிறபோது அது ஒரு கேள்வி கேட்டது, பகலில் வீட்டில் ஆட்கள் இருப்பார்களோ என்று, ஒருநாளும் இல்லை, இடைக்கிடை, அனேகமாக எப்போதும் என்று மூன்று விடை கீழே. இவர் எப்போதும் என்றதை அமத்தினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு முகம் சுட்டது. யாரோ ஒரு கொம்பனிக்காரனுக்குத் தெரிந்துவிட்டது, துசாந்தினி எப்போதும் வீட்டில் இருக்கிறவள் என்று. இந்த நெத்தலி வரிசையில் அரைவாசி நான்தான், இவர் இரவில் இல்லை, பகலில் நித்திரை, எரிகிறதெல்லாம் எனக்கும் மிதுவுக்கும். ஒருநாள் ஹீற்றரைப் போடாமல் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு இருந்தேன், இவர் வந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘ஏன், பிரிட்ஜுக்குள்ளயே குடியிருந்திருக்கலாமே, வாடகையும் மிச்சம்’ என்று சொல்லிக்கொண்டு தானே போய்ச் சுவிச்சைப் போட்டவர். பகிடியாய்த்தான் சொன்னவர், ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது என்னைப் பார்க்கவில்லை.

வந்த புதிதில் இந்தக் கறன்ட்டோடு நான் பட்ட பாடு. படிக்குக் கீழே பெட்டி, அதற்குச் சாவி மாதிரி ஒரு பிளாஸ்ரிக் திறப்பு, திறப்பைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றிக்கொண்டு வந்து பெட்டியில் செருகினால் இலக்கம் கூடும், எரிக்க எரிக்கக் குறையும். லண்டனில் நான் தனியாய் வாசித்த முதல் சாமான் அந்த இலக்கம்தான். திறப்பை வெளியே எடுத்தால் காசு போகாது என்று நானாய் நினைத்துக்கொண்டேன், நல்ல யோசனை என்று சந்தோசம் வேறு, இரவில் திறப்பைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன். விடியப் பார்த்தால் இலக்கம் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் களவெடுக்கிறான் என்று ஒரு கிழமை அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பினேன், அந்தப் போலந்துக்காரனோ எங்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிற மனிசன். பிறகு இவருக்குச் சொன்னபோது கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். ‘காசு திறப்புக்குள்ள இல்லையடி, பெட்டிக்குள்ள. நீ வெறும் பிளாஸ்ரிக்கை எல்லோ கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாய், அதுக்கு நான் இருக்கிறன்தானே.’ எனக்கு வெட்கம், போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆனால் எனக்கு எங்கே தெரியும். வன்னியில் நான் பிறந்து வளர்ந்த காலம் முழுக்கக் கறன்ட் இல்லை. அப்பா சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி டைனமோவை றேடியோவுக்குக் கொடுப்பார், செய்தி கேட்க வேண்டுமென்றால் அப்பா பெடலைச் சுற்றுவார், பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் நாங்கள். யார் கேட்கிறதோ அவர் சுற்றவேணும், அதுதான் அங்கே விலை. தங்கச்சி நல்ல கள்ளி, பாட்டுத் தொடங்கும்போது கை நோகுது என்பாள், முடியும்போது சுகமாகிவிடும். கை நின்றால் பாட்டு இழுபடும், ஆளின் குரல் அப்படியே கிணற்றுக்குள் போகிற மாதிரி, நாங்கள் சிரித்துச் சிரித்து இன்னும் கை சோர்ந்து பாட்டு முழுக்கவே நின்றுவிடும். அப்படிப் பார்த்தால் திறப்புப் பெட்டியும் அதே கதைதான், முதலில் கொடு, பிறகு எரி. புதுக் கொம்பனி அப்படியில்லை, எரி எரி என்று விட்டுவிட்டு மாதக் கடைசியில் பாங்கில் தானாய் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குப் பயம்தான். கண்ணுக்குத் தெரியாமல் போகிற காசு. பயம் அதுதானா. அது இல்லை, துசி, நீ சுத்தாதே, அது இல்லை என்று உனக்குத் தெரியும்.

அது பவளக்காவின் கடை. ரோட்டு முனையில், முடிவெட்டுகிற கடைக்குப் பக்கத்தில், வாசலில் வாழைப்பொத்தியும் வெங்காயச் சாக்கும். திறப்பில் காசு ஏற்றுகிற மெஷின் அங்கேதான் இருக்கிறது. ஒரேயடியாய் ஐம்பது பவுண் போட்டால் கன நாள் ஓடும். நான் பத்துப் பத்தாய்த்தான் போடுகிறேன். பத்துப் போட்டால் நாளையிண்டைக்குத் திரும்பப் போகவேணும், அதற்காகத்தான் பத்து. இவர் நான் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், வேலையிடத்திலும் சொல்லியிருப்பார், ‘என்ர மனிசி கறன்ட்டைக்கூட அளந்து அளந்துதான் வாங்குவா.’ எனக்குச் சும்மா ஒரு இடத்துக்குப் போகத் தெரியாது. கோவிலென்றால் சாமி இருக்கிறார், டொக்டரிடம் என்றால் மிதுவுக்குத் தடிமன் காய்ச்சல், ஒன்றுமில்லாமல் ஒரு மனிசரிடம் போய் எப்படி நிற்கிறது, கையை எங்கே வைக்கிறது. திறப்புக் கையில் இருந்தால் கைக்கு ஒரு வேலை. முதல் முதல் போன அன்றைக்கு நான் திறப்பை நீட்டிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்கிறேன், அக்கா என்னைப் பார்க்கிறா, நான் நிலத்தைப் பார்க்கிறேன். ‘எவ்வளவு பிள்ளை?’ நான் திறப்பை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். ‘வாயைத் திற பிள்ளை, கதைக்கிறதுக்கு இந்தக் கடையில காசு இல்லை.’ பத்து என்று சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. இப்போது உள்ளே போனாலே, ‘பத்தோ?’ என்பா, நான் ‘ஓம் அக்கா’ என்பேன், மெஷின் கிர்ர் என்று ரசீதுத் துண்டைத் துப்பும், அதற்குப் பிறகுதான் எங்கள் கதை தொடங்கும். அவவுக்கு எல்லாரோடும் கதை. ஒரு பெடியன் கத்தரிக்காயை அமத்தி அமத்திப் பார்த்தால், ‘தம்பி, அதை நசிக்காதை, அது உன்ர மாமியார் இல்லை’ என்பா, அவன் சிரித்துக்கொண்டு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போவான். ஒருநாள் கேட்டா, ‘ஏன் பிள்ளை, ஒரேயடியா ஐம்பதைப் போட்டா என்ன, இந்த மழைக்குள்ள குழந்தையையும் தள்ளிக்கொண்டு?’ எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது, மிதுவின் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அக்காவும் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூல் கிடந்தது, முதல் அங்கே ஸ்ரூல் இல்லை. ‘இரு பிள்ளை’ என்றா, அவ்வளவுதான். இருந்தேன். ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தால் முதலாவதைப் பிய்த்து என் கையில் தந்து, ‘உப்புப் பார்’ என்பா. எனக்கு முதலில் உப்புக் காணாது என்று சொல்லப் பயம். ‘நல்லாயிருக்கு அக்கா’ என்பேன். ‘நல்லாயிருக்கெண்டு சொல்ல எனக்குக் கண்ணாடி இருக்கு. உப்பைச் சொல்லு.’ அதற்குப் பிறகு சொல்லப் பழகிவிட்டேன், கொஞ்சம் காணாது அக்கா, இன்றைக்குச் சரி அக்கா, கிழங்கு கூட, இறைச்சியைத் தேடவேண்டியிருக்கு அக்கா. இறைச்சி விசயத்தைச் சொன்னபோது அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடை முழுக்கக் கேட்கச் சொன்னா, ‘பாருங்கோ, ஊமை எண்டு நினைச்சன், இவள் இன்ஸ்பெக்டர்.’ நான் அன்றைக்கு வீடு மட்டும் தனியாய்ச் சிரித்துக்கொண்டு வந்தேன். மிது என்னைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள், ஏனென்று தெரியாமல்.

மாறினால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், திறப்பும் போய்விடும். ஓம் என்ற ஒரு சொல், பதினொரு மணிக்கு, அதோடு எனக்குக் கடைக்குப் போக ஒரு காரணமும் மிஞ்சாது. இல்லை என்று சொல்லலாம். இவர் ஒன்றும் கேட்கமாட்டார், சொன்னால் சொன்னதுதான், ‘சரி, உனக்குப் பிடிக்கேல்லைப் போல’ என்று நெத்தலியைப் பிட்டோடு குழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு இரவு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போவார். அதுதான் தாங்காது. கேட்டுச் சண்டை பிடிக்கிற மனிசனென்றால் நானும் இரண்டு சொல் சொல்லி அழுதுவிட்டுக் கிடப்பேன். ஞாயிறு இரவுதான் அங்கே மோசமாம், குடித்துவிட்டு வந்து கண்ணாடியில் அடிப்பார்களாம், அதை எனக்கு இவர் சொன்னதில்லை, சிநேகிதனோடு போனில் கதைக்கும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது, சுவர் மெல்லிசு. ஞாயிறு இரவு நானும் நித்திரை கொள்கிறதில்லை. படிக்குக் கீழே போய்ப் பெட்டி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அது குறைகிறதைப் பார்த்தால் நேரம் போகிறது என்று தெரியும், நேரம் போனால் அவர் வருவார். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த மனிசன் வீட்டில் படுத்தால், மிது நெஞ்சில் ஏறிப் படுத்தால், நான் இந்தப் பக்கம் படுத்தால். இதில் என்ன யோசனை. கடதாசி ஓரத்து நெத்தலியையெல்லாம் அள்ளிச் சட்டிக்குள் போடுகிறேன், கணக்கு முடிந்தது, அவை இனி கறி. மீற்றரை என் பேரில் எழுதினவரும் இவர்தான், விசாவுக்கு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று காட்ட என் பேரிலும் ஒரு கடிதம் வரவேணும் என்று சட்டத்தரணி சொன்னாராம், வாடகை தன் பேரில், கறன்ட் என் பேரில். முதல் கடிதம் வந்த அன்றைக்கு வாசலிலிருந்து, ‘மிஸிஸ் துசாந்தினிக்குத் தபால்’ என்று கத்திக்கொண்டு வந்து இரண்டு கையாலும் தந்தார், கலியாணக் காட் தருகிற மாதிரி. என் பேரை இந்த நாட்டில் ஒரு ஆள் அச்சடித்தது அதுதான் முதல் தரம், நான் அதைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன், அவர் அதற்கும் சிரித்தார். ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன். யெஸ். யெஸ் என்று சொல்ல எனக்குத் தெரியும், பேர் கேட்டால் எழுத்தெழுத்தாய்ச் சொல்லத் தெரியும், பிறந்த திகதி தெரியும், அதற்கு மேல் கேட்டால் இவர் பக்கத்தில் இருப்பார். அது பயமில்லை. பயம் நாளைக்கு. இன்னும் கொஞ்ச நாள் பெட்டி இருக்கும், அது வரைக்கும் போகலாம், அதற்குப் பிறகு. கறிவேப்பிலை வாங்கப் போகலாம். ஒரு கட்டுக் கறிவேப்பிலை எத்தனை நாளைக்கு வாங்குகிறது, வீட்டில் குவிந்து காயும், இவர் கேட்பார், என்ன, கறிவேப்பிலைத் தோட்டமோ என்று. நெருப்புப்பெட்டி, விளக்குத் திரி, ஒரு தேசிக்காய். அக்கா விலையை அடித்துவிட்டு என்னைப் பார்ப்பா, அவவுக்குத் தெரியாததா, ஸ்ரூலைப் போட்டவ அவதானே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது, நான்தான் இவ்வளவு நாளும் திறப்பைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளித்து நின்றிருக்கிறேன். ஒன்றும் வாங்கக்கூடாது. காசுப் பையைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போகவேணும். அக்கா நிமிர்ந்து, ‘பத்தோ?’ என்பா, நான் இல்லை என்று தலையாட்டாமல் வாயால்தான் சொல்லவேணும், மற்ற ஆட்கள் நின்றாலும் பரவாயில்லை, அந்தக் கத்தரிக்காய்ப் பெடியன் நின்றாலும், கை இரண்டும் வெறுமனே தொங்கினாலும், இல்லையக்கா என்று, ‘துசி! இஞ்ச ஓடி வா, போன்! உன்னைத்தான் கேக்கிறான், மிஸிஸ் இருக்கிறாவோ எண்டு!’ வாறன் வாறன், கையைக் கழுவிப்போட்டு, மிதுவை எழுப்பிப்போடாதேங்கோ, சட்டியை மேலே வைக்கவேணும், கடதாசியைச் சுருட்டவேணும், எங்கே அந்தத் துவாய், ஓம் என்று சொல்லிவிட்டு வந்து மற்றதை ஒருக்கால் சொல்லிப் பார்க்கவேணும், இல்லையக்கா, இன்றைக்குக் கறன்ட் இல்லை, ஒன்றும் வாங்கவும் இல்லை, சும்மா உங்களைத்தான்